சோறு உண்டு, சொந்தம் எங்கே?

வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடொன்றில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகின்றது. கொட்டாஞ்சேனையில் வணிகர் ஒருவரின் தந்தைக்கு ஆண்டுத் திதி வருகின்றது. இரு வீட்டாரும் சிறுவர் இல்லமொன்றைத் தொலைபேசியில் அழைத்து, இன்ன நாள் மதிய உணவு தம்முடையது என்று பதிவு செய்கின்றனர். குறித்த நாளில் சோற்றுப் பெட்டிகளோடு வாகனம் இல்லத்தின் வாசலில் வந்து நிற்கின்றது. பிள்ளைகள் வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்காக அவர்கள் கைதட்டி வாழ்த்துப் பாடுவர்; முன்பின் அறியாத ஒரு முதியவரின் ஆன்ம சாந்திக்காகக் கண்மூடித் தேவாரம் ஓதுவர். படம் பிடிக்கப்படும், உணவு பரிமாறப்படும். ஒரு மணி நேரத்தில் வாகனம் திரும்பிவிடும். மறுநாள் வேறொரு வாகனம் வரும். அல்லது எதுவுமே வராது.

இதனைத் தருமம் என்கின்றது சமூகம். பசித்தவனுக்குச் சோறிடுவது தருமமே. அதனை மறுப்பார் எவருமில்லை. ஆனால், அந்தப் பிள்ளைகளின் பசி எத்தகையது என்று வாகனத்தில் வந்தவர்களுள் எவரேனும் கேட்டதுண்டா? சோற்றுக்கு இல்லாத பிள்ளைக்குச் சோறு கொடுக்கலாம். ஆளில்லாத பிள்ளைக்கு ஆளையல்லவா கொடுக்க வேண்டும்? நாள்தோறும் அதே முகம், காய்ச்சல் கண்ட இரவில் நெற்றியைத் தொடும் அதே கை, பாடசாலை விட்டு வந்ததும் அன்றைய வழக்கைக் கேட்கும் அதே காது ஆகிய இவையே அப்பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டவை. இவற்றைக் கொடுக்காத தருமம், கொடுப்பவனின் மனத்தை நிறைக்குமேயன்றி வாங்குபவனின் வாழ்வை நிறைக்காது.

முதலில் ஒரு பொய்யை உடைத்தல் வேண்டும். ‘அநாதை இல்லம்’ என்ற சொல்லே அப்பொய். அங்குள்ளோர் யாவரும் தாயும் தந்தையும் இறந்த பிள்ளைகள் என்று கொடையாளர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் ஐந்தில் நால்வருக்கேனும் தாயோ தந்தையோ உயிரோடிருக்கின்றனர் என்று ‘சேவ் த சில்ட்ரன்’ நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இலங்கையின் நிலையும் இதற்கு விலக்கன்று. இவ்வில்லங்களிலுள்ள பிள்ளைகளின் பின்னால் பெரும்பாலும் ஒரு தாய் இருக்கின்றாள். அவள் தோட்டத்து லயன் அறையில் இருக்கின்றாள். மத்திய கிழக்கு நாடொன்றில் எவர் வீட்டுப் பிள்ளையையோ தாலாட்டிக்கொண்டிருக்கின்றாள். போரிலே கணவனை இழந்து வன்னியில் கூலிக்குக் களை பிடுங்குகின்றாள். கொட்டாஞ்சேனையிலேயே, இல்லத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒற்றை அறையொன்றின் வாடகையைக் கொடுக்க முடியாது திணறுகின்றாள். வறுமை, மணமுறிவு, மறுமணம், நோய், குடி ஆகியவையே பிள்ளையை இல்லத்தின் வாயிலுக்குக் கொண்டு வருகின்றன. மரணம் மிக அரிதாகவே கொண்டு வருகின்றது.

இங்கேதான் தருமத்தின் முரண்பாடு வெளிப்படுகின்றது. இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பார்க்கும் செலவில் கட்டடம் உண்டு, காவலாளி உண்டு, கணக்கர் உண்டு, மின்சாரம் உண்டு. இவற்றில் ஒரு பகுதியை அந்தத் தாயின் கையிலே மாதந்தோறும் கொடுத்திருந்தால், பிள்ளை அவள் மடியிலேயே வளர்ந்திருக்கும். தாயோடு இருக்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க மனமில்லாத சமூகம், தாயை விட்டுப் பிரிந்தபின் பிள்ளைக்குப் பிரியாணி கொடுக்க முந்துகின்றது. ஏழைத் தாயின் குடிசையில் கொடையாளரின் பெயரைப் பொறிக்கச் சலவைக்கல் பதிக்க இடமில்லை என்பதுதான் இதற்குக் காரணமோ?

சட்டம் இல்லாமையால் நேர்ந்த குறை இதுவெனக் கூறுவதற்கில்லை. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் பிள்ளையை, உறவினராயினும் அயலாராயினும் தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்க அச்சட்டம் நீதிமன்றத்துக்கு வழி திறந்தது. 1941ஆம் ஆண்டில் அநாதை இல்லங்களுக்கான கட்டளைச் சட்டமும் மகவேற்புக்கான கட்டளைச் சட்டமும் வந்தன. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கென ஒரு திணைக்களம் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின் மாகாண சபைகளுக்கும் இப்பொறுப்பு உண்டு. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. குடும்பத்தைத் தாங்குவதே முதற்கடமை, இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழி, வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தல் தகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் தெளிவாகக் கூறுகின்றன. இலங்கையும் 2019இல் இதற்கெனத் தேசியக் கொள்கையொன்றை வகுத்துக்கொண்டது. ஏட்டிலே எல்லாம் உண்டு. ஆனால், இறுதி வழி எனச் சொல்லப்பட்டதே ஏழைகளைப் பொறுத்தவரை இன்றும் முதல் வழியாக இருக்கின்றது.

இனி, இல்லத்தின் உள்ளே சென்று பார்ப்போர் காண்பது என்ன? நல்ல இல்லங்களும் உண்டு, அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். தரை துப்புரவாக இருக்கின்றது. கட்டில்கள் ஒரே அளவில், ஒரே நிறப் போர்வையோடு வரிசையாகக் கிடக்கின்றன. விடியற்காலை மணி அடிக்கின்றது, எழுகின்றனர். மணி அடிக்கின்றது, தொழுகின்றனர். மணி அடிக்கின்றது, பாணும் பருப்பும் உண்கின்றனர். சட்டைகள் பொது அலுமாரியிலிருந்து வருகின்றன. இன்று ஒருத்தி அணிந்த பாவாடையை அடுத்த கிழமை இன்னொருத்தி அணிகின்றாள். பூட்டி வைக்க ஒரு பெட்டி, ஒளித்து வைக்க ஒரு பொம்மை, ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஒரு பென்சில் தானும் பலருக்கு இல்லை. தைப்பொங்கல், தீபாவளி, நத்தார் நாட்களில் ஒரே பகலில் மூன்று வீட்டு உணவு வந்து குவியும். அது கழிந்த கிழமையில் கீரையும் சோறுமே மிஞ்சும். இவற்றையெல்லாம் பிள்ளைகள் தாங்கிக்கொள்வர். ஏழை வீடுகளில் வாழும் பிள்ளைகளும் இவற்றுள் பலவற்றைத் தாங்குகின்றனர். தாங்க முடியாதது வேறொன்று.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பராமரிப்பாளரிடம் பன்னிரண்டு பிள்ளைகள் எனக் கொள்வோர், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரையுள்ள நேரத்தைப் பன்னிரண்டாற் பிரிக்கட்டும். பிள்ளையொன்றுக்குப் பதினைந்து நிமிடம் வரும். அந்தப் பதினைந்து நிமிடத்துள்ளேதான் குளிப்பாட்டல், உடை மாற்றல், இராச் சாப்பாடு, பாடம், சண்டை தீர்த்தல், பேன் வாருதல் அனைத்தும் அடங்கவேண்டும். கதை சொல்வதற்கு எத்தனை நிமிடம் எஞ்சும்? கேட்பதற்கு எத்தனை? மடியில் வைத்துக்கொள்ள எத்தனை? அந்தப் பெண் எத்துணை அன்புடையவளாயினும் கணிதத்தை வெல்ல அவளால் இயலாது.

அப்பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவளும் பெரும்பாலும் ஓர் இல்லாதவளே. கணவனை இழந்தவளாகவோ, மணமாகாதவளாகவோ, முன்னொரு நாளில் அதே இல்லத்தில் வளர்ந்தவளாகவோ அவள் இருப்பாள். இரவும் பகலும் அங்கேயே தங்கவேண்டும், ஓய்வு நாள் அரிது, சம்பளம் சொற்பம், பயிற்சி இல்லை. ‘இது சேவையல்லவா, இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கலாமா’ என்று அவளிடம் கூறும் நிருவாக சபையினர், தத்தம் தொழிலில் ஒரு சதத்தையும் கணக்குப் பாராமல் விடுவதில்லை. ஆகவே ஆடைத் தொழிற்சாலையிலோ மத்திய கிழக்கிலோ வேறொரு வேலை கிடைத்ததும் அவள் போய்விடுகின்றாள். இன்னொருத்தி வருகின்றாள். முன்னவளை ‘அம்மா’ என்றழைத்த பிள்ளை, வந்தவளையும் ‘அம்மா’ என்றழைக்கப் பழக்கப்படுத்தப்படுகின்றது. மூன்றாமவள் வரும்போது, அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை என்பதைப் பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகின்றது. தமிழிலே முதற் சொல்லாகக் கற்பிக்கப்படும் சொல்லை ஒரு பிள்ளையின் வாயில் வெறும் பதவிப் பெயராக்கிவிடுவது எத்துணைக் கொடுமை!

இல்லத்துக்கு வரும் விருந்தினர் ஒன்றைக் கண்டு மகிழ்வர். வாகனத்தை விட்டிறங்கியதுமே சிறு குழந்தைகள் ஓடிவந்து கையைப் பிடிக்கின்றன, மடியில் ஏறுகின்றன, ‘போகவேண்டாம்’ என்கின்றன. ‘எவ்வளவு அன்பான பிள்ளைகள்!’ என்று விருந்தினர் உருகுவர். ஆனால், தாயிடம் வளரும் குழந்தை அந்நியனைக் கண்டால் முதலில் தாயின் சேலைக்குள்தான் ஒளியும். முதல் முறை கண்டவரின் மடியில் ஏறும் குழந்தை, மடி எதுவும் தனக்குரியதன்று என்பதைக் கற்றுக்கொண்ட குழந்தை. விருந்தினர் அன்பு எனக் கண்டு மகிழ்வது ஒரு காயத்தையே.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அறிவியல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக இதையே கூறி வருகின்றது. ரெனே ஸ்பிற்ஸ் என்னும் மருத்துவர் 1945, 1946ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் இரு நிலையங்களின் குழந்தைகளை ஒப்பிட்டார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். துப்புரவும் உணவும் மருத்துவமும் அங்கே குறைவின்றி இருந்தன. மற்றது, பெண் கைதிகள் தம் குழந்தைகளைத் தாமே வளர்த்த ஒரு சிறைச்சாலை. சிறையிலே தாயோடு வளர்ந்த குழந்தைகள் தேறின. துப்புரவான இல்லத்தின் 91 குழந்தைகளுள் 34 குழந்தைகள் இரண்டாண்டு முடிவதற்குள் மாண்டன. தாயோடு சிறையில் இருப்பது, தாயின்றி மாளிகையில் இருப்பதினும் நன்று என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா? ஜோன் போல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், நிலையான ஒருவரின் அணைப்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என நிறுவினார். 1989இல் ருமேனியாவின் ஆட்சி கவிழ்ந்தபோது அந்நாட்டின் பெரும் இல்லங்களில் அடைபட்டிருந்த பிள்ளைகளின் அவலத்தை உலகமே கண்டது. 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ற் நகரில் தொடங்கிய ஆய்வொன்று, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. குடும்பத்துக்குச் சென்றவர்களின் அறிவும் மனமும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் சென்றவர்களே மிகுந்த நலன் பெற்றனர். குழந்தையின் நாட்காட்டி கொடையாளரின் நாட்காட்டியன்று. அது மிக விரைந்து ஓடுவது.

அறிவியலை மேனாட்டுச் சரக்கென்று தள்ளுவோர் தம் இலக்கியத்தையாவது திருப்பிப் பார்க்கட்டும். மணிமேகலையின் அமுதசுரபியை நினைந்து உருகாத தமிழன் இல்லை. அன்னதானத்துக்கெல்லாம் அதுவே மேற்கோள். ஆனால், அந்தப் பாத்திரத்தை மணிமேகலைக்கு முன்னே ஏந்தியவன் ஆபுத்திரன். பெற்ற தாயாற் கைவிடப்பட்ட குழந்தை. ஏழு நாட்கள் பசு ஒன்று பாலூட்டி அவனைக் காத்தது. பால் கிடைத்துவிட்டது, இனிக் குறையில்லை என்று காப்பியம் அவ்விடத்தில் நின்றுவிட்டதா? இல்லை. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழந்தையைத் தன் மகனாகவே கொண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றான். முதலில் ஒரு மடி, கல்வி பின்னர், அமுதசுரபி மிகப் பின்னர். கொழும்புத் தமிழரோ காப்பியத்தைத் தலைகீழாகப் படித்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இளம்பூதியை விட்டுவிட்டனர்.

சைவ உலகம் போற்றும் நாவுக்கரசரும் இளமையில் தாயையும் தந்தையையும் இழந்தவரே. அவரை வளர்த்தது எந்த மடமுமன்று, தமக்கை திலகவதியார். மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்த அவர், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. ஒரு பிள்ளைக்காக ஒருவர் நிலைத்து நின்றமையால் ஒரு நாவுக்கரசர் கிடைத்தார். இன்றோ, பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், ஆண்பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம் என்ற ஒழுங்கினால், திலகவதியையும் மருள்நீக்கியையும் வாயிலிலேயே பிரித்து வெவ்வேறு வாகனத்தில் ஏற்றிவிடும் காட்சி நடைபெறுகின்றது. தாயை இழந்தவர்கள் உடன்பிறப்பையும் இழக்கின்றனர்.

இல்லங்களே வேண்டாம் என்பதா இதன் முடிவு? அவ்வாறு கூறுவது வரலாற்றுக்கு நன்றி மறப்பதாகும். கொட்டாஞ்சேனையில் நல்லாயன் சபைக் கன்னியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆற்றிய பணியையும், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர் ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்த பணியையும், தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் ஆலயச் சூழலில் பெண்பிள்ளைகளை வளர்த்தெடுத்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டியின் பணியையும் யார் மறுப்பார்? போரும் இடப்பெயர்வும் ஊர்களைச் சிதைத்த காலத்தில், இல்லங்கள் இல்லாதிருந்தால் பல உயிர்கள் இல்லாதிருந்திருக்கும். ஆயினும் அவர்கள் செய்ததைக் கூர்ந்து நோக்கவேண்டும். அவர்கள் தம்மையே கொடுத்தவர்கள். பிள்ளைகளுக்காக ஒரு வாழ்நாளை ஒப்படைத்தவர்கள். அவர்களின் பெயரைச் சொல்லி இன்று நடப்பதோ, மாதமொரு கூட்டம் கூடிக் கட்டடத்துக்கு மாடி எழுப்பும் நிருவாகம். அவர்களின் இல்லங்களுக்கும் இவற்றுக்கும் பெயர் ஒன்றாயிருக்கலாம், பொருள் ஒன்றன்று. 1981இல் பிலியந்தலையில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமம், ஒரு வீடு, ஒரு தாய், சில பிள்ளைகள் என்ற முறையை இந்நாட்டில் அறிமுகப்படுத்தியது. அம்முறைக்கும் குறைகள் இருக்கலாம். ஆனால், பிள்ளைக்கு வேண்டியது மண்டபமன்று, ஆளே என்ற உண்மையை அது ஏற்றுக்கொண்டது.

‘இவர்கள் இல்லாவிட்டால் அப்பிள்ளைகள் தெருவிலல்லவா நிற்பர்?’ என்பது எப்போதும் எழுப்பப்படும் வினா. தெருவையும் இல்லத்தையும் மட்டுமே தராசிலிட்டால் இல்லம் வெல்லும். மூன்றாவதாக ஒரு வீடு உண்டு. அது தராசில் வைக்கப்படுவதேயில்லை. அம்மம்மாவின் வீடு, சின்னம்மாவின் வீடு, வளர்க்க விரும்பும் அயலாரின் வீடு என்பன உண்டு. பேரனை வைத்துக்கொள்ள மனமிருந்தும் அரிசிக்கு வழியில்லாத கிழவிகள் எத்தனை பேர்! 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அத்தகைய வீடுகளின் அடுப்பைத்தான் முதலில் அணைத்தது. அந்த அடுப்பை மூட்டுவதே உண்மையான அன்னதானம்.

ஆகவே கோரப்படுபவை தெளிவானவை. பிறந்தநாளுக்கும் திதிக்கும் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியேனும், பிள்ளையைப் பிரியும் விளிம்பில் நிற்கும் தாய்க்கோ பேர்த்திக்கோ மாதந்தோறும் சென்று சேரவேண்டும்; ஒரு நாட் சோறாகவன்றி ஓராண்டுப் பொறுப்பாகச் சேரவேண்டும். வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டி வரும் பிள்ளையைச் சேர்க்குமுன், அக்குடும்பத்தைத் தாங்க என்ன செய்யப்பட்டது என்று ஒவ்வொரு நிருவாக சபையும் தன்னையே கேட்டல் வேண்டும். வேறு வழியின்றி இல்லத்தில் வாழ்வோர் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுவுக்கு ஒருவர் நிலையாக நிற்கவேண்டும். அவ்வாறு நிற்பவருக்கு நியாயமான சம்பளமும், ஊழியர் சேமலாப நிதியும், ஓய்வும், பயிற்சியும் உரிமையாகக் கிடைக்கவேண்டும்; மாடி கட்டும் பணம் அதற்குப் போதுமானது. உடன்பிறந்தோரைப் பிரித்தல் ஒழியவேண்டும். பதினெட்டு வயது நிரம்பியதும் ஒரு பையோடு வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படும் இளைஞனுக்கும் யுவதிக்கும் திரும்பி வர ஒரு கதவு இருக்கவேண்டும். வீட்டுப் பிள்ளையை எந்தத் தாய் பதினெட்டாம் பிறந்தநாளில் வெளியேற்றுகின்றாள்? சோறு கொண்டு வருவோரைப் படம் பிடிக்க அனுமதிக்கும் வழக்கம் இன்றே நிற்கவேண்டும். பசிக்குக் கைநீட்டும் பிள்ளையின் முகம் எவருடைய புகழுக்கும் விளம்பரத் தாளன்று.

இறுதியாகப் பல்கலைக்கழக மாணவர் சமூகம் தன் கைகளையும் பார்த்துக்கொள்ளல் நலம். ஒக்டோபர் முதலாந் திகதி சிறுவர் தினம் வந்தால், மாணவர் சங்கங்கள் பேருந்து பிடித்து, பொதிகளும் பதாகைகளுமாக இல்லங்களுக்குச் செல்கின்றன. ஒரு பகல் முழுவதும் விளையாட்டு, பாட்டு, ஆட்டம். மாலையில் கண்ணீரோடு பிரியாவிடை. ‘அடுத்த கிழமை வருவேன்’ என்ற வாக்குறுதி. அடுத்த கிழமை எவரும் செல்வதில்லை. பிள்ளை மட்டும் அந்தக் கிழமையை எண்ணிக்கொண்டிருக்கின்றது. வெள்ளவத்தை வணிகரின் வாகனத்துக்கும் மாணவரின் பேருந்துக்கும் என்ன வேறுபாடு? வணிகராவது வருவேன் என்று பொய் சொல்வதில்லை. நான்கு ஆண்டுப் படிப்புக் காலத்தில் கிழமைக்கு ஒரு மாலை, அதே இல்லத்துக்கு, அதே பிள்ளைக்குக் கணிதமோ தமிழோ சொல்லிக்கொடுக்கச் செல்லவும், விட்டுச் செல்லும் நாளை முன்கூட்டியே அப்பிள்ளைக்குச் சொல்லவும் துணிவுள்ளோர் செல்லட்டும். துணிவில்லாதோர் பேருந்துக் கூலியைச் சேர்த்து, பராமரிப்பாளர் ஒருத்தியின் சம்பளத்தோடு கூட்டிக் கொடுக்கட்டும். அதற்குப் பதாகை வேண்டியதில்லை.

நாளையும் அந்த வாசலில் வாகனம் வந்து நிற்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்பர், வாழ்த்துப் பாடுவர், உண்பர். வந்தவர்கள் கைகழுவித் திரும்பும் வேளையில், வரிசையின் கடைசியில் நிற்கும் சிறியவன் ஒருவன் தன் பிறந்தநாள் எது என்று அந்த மாதம் வந்த புதிய ‘அம்மா’விடம் கேட்பான். அவளுக்குத் தெரியாது. அதனை அறிந்துவைத்திருக்கும் ஒருவரை அவனுக்குக் கொடுக்காதவரை, அவனுக்கு இட்ட சோற்றைத் தருமமென்று சொல்லிக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை.